ராத்திரி ரெண்டு மணி போனும் கோச் ஆகற ஆசையும்

கேள்வி: மேடம், எனக்கு வயசு 46. ஓசூர்ல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனியில பிளான்ட் ஹெட். பசங்கள வளர்த்து விடறதுதான் எனக்கு ரொம்ப பிடிச்ச வேலை, என்கிட்ட ட்ரெய்னியா சேர்ந்த நாலு பேர் இன்னைக்கு வெளியில மேனேஜரா இருக்காங்க. ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு லைன் நின்னாலும் எனக்குதான் போன். போன வருஷம் பிபி மாத்திரை ஆரம்பிச்சாச்சு. வேலைய விட்டுட்டு, மேனேஜர்களோட தனியா உக்காந்து பேசி அவங்கள வளர்த்து விடற எக்ஸிக்யூட்டிவ் கோச் ஆகலாம்னு இருக்கேன். பொண்ணு பிளஸ் ஒன், வீட்டு லோன் இன்னும் ஆறு வருஷம் இருக்கு. வீட்ல இன்னும் சொல்லல. எங்க ஆரம்பிக்கறது?

பதில்: சார், ரிசிக்னேஷன் லெட்டர இப்போதைக்கு தள்ளி வைங்க. கோச் ஆக வேணாம்னு சொல்லல, உங்க ஆசை நல்ல ஆசை. ஆனா நீங்க எழுதினதுல ரெண்டு விஷயம் கலந்து கிடக்கு, பசங்கள வளர்க்கணும்ங்கிறது ஒண்ணு, அந்த ரெண்டு மணி போன்ல இருந்து தப்பிக்கணும்ங்கிறது இன்னொண்ணு. என்னைக் கேட்டா ரெண்டுக்கும் வேர் ஒரே இடத்துலதான் இருக்கு, அத இப்ப இருக்கிற வேலையிலயே சரி பண்ண ஆரம்பிக்கலாம்.

எப்படின்னு பாருங்க. ராத்திரி ஷிஃப்ட் இன்சார்ஜ் கூப்பிடறார், "சார், பிரஸ்ல பிரஷர் ஏற மாட்டேங்குது". நீங்க தூக்கத்துலயே "ரிலீஃப் வால்வ பாரு, ஆயில் லெவல் பாரு, சக்‌ஷன் ஃபில்டர் அடைச்சிருக்கான்னு பாரு"ன்னு சொல்றீங்க, அரை மணி நேரத்துல லைன் ஓடுது, எல்லாருக்கும் சந்தோஷம். ஆனா அடுத்த மாசமும் அதே பையன் அதே நேரத்துக்கு கூப்பிடுவான், ஏன்னா பதில் உங்ககிட்ட இருக்குன்னு அவனுக்குத் தெரியும். இருபது வருஷமா டக்குனு பதில் சொல்லித்தான் நீங்க பிளான்ட் ஹெட் ஆனீங்க. அந்தப் பழக்கத்தாலதான் போன் அடிக்குது, கோச் ஆகப் போறவர் முதல்ல விட வேண்டியதும் அதையேதான், ஏன்னா கோச்சோட வேலை பதில் சொல்றது இல்ல, கேள்வி கேட்டு எதிர்ல இருக்கிறவரையே யோசிக்க வைக்கிறது.

அதனால இப்படி பண்ணிப் பாருங்க. மறுநாள் டீ டைம்ல அவன கூப்பிட்டு, "எனக்கு போன் போடறதுக்கு முன்னாடி நீ என்னென்ன பார்த்த? நான் போனே எடுக்கலன்னா என்ன பண்ணியிருப்ப?"ன்னு கேட்டுட்டு வாய மூடிக்கோங்க. அவன் யோசிக்கிற அந்த இருபது செகண்ட் உங்களுக்கு இருபது நிமிஷம் மாதிரி இருக்கும், பதில் தொண்டை வரைக்கும் வந்து நிக்கும், அத முழுங்கணும். நான் ஆபரேஷன்ஸ் வேலையில இருந்து கோச்சிங் பக்கம் வந்தப்ப, என் மென்டர் ஒரு செஷன் ரெக்கார்டிங்க, அதுவும் கிளையன்ட் சம்மதத்தோடதான், கூட உக்காந்து கேட்டாங்க. அரை மணி நேரத்துல 19 நிமிஷம் நான்தான் பேசியிருந்தேன், முதல் அட்வைஸ் நாலாவது நிமிஷத்துல. அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

கூடவே யாருக்கு எப்ப போன் போடணும்னு ஒரு எஸ்கலேஷன் லிஸ்ட் எழுதி ஷாப் ஃப்ளோர்ல ஒட்டுங்க. மெஷின் நின்னா முதல்ல மெயின்டனன்ஸ், அப்புறம் ப்ரொடக்‌ஷன் மேனேஜர், டிஸ்பாட்ச் அடிபடும்னாலோ யாருக்காவது அடிபட்டாலோ மட்டும் உங்களுக்கு. மூணு மாசம் விடாம பண்ணுங்க. உடம்பு விஷயத்த சாதாரணமா எடுத்துக்காதீங்க சார், உலக சுகாதார நிறுவனமும் சர்வதேச தொழிலாளர் அமைப்பான ஐஎல்ஓவும் 2021ல வெளியிட்ட ஆய்வுல, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதுக்கு மேலயோ வேலை பார்க்கிறவங்களுக்கு 35-40 மணி நேரம் பார்க்கிறவங்கள விட பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம்னு வந்துச்சு. உங்களுக்கு பிபி வேற இருக்கு. முடிஞ்சா பத்து நாள் லீவு போட்டு நல்லா தூங்குங்க, தூங்கி எழுந்த பிறகும் கோச்சிங் ஆசை அப்படியே இருந்தா அத நம்பலாம்.

இனி படிப்புக்கு வர்றேன். நம்ம நாட்டுல கோச்னு போர்டு மாட்ட லைசென்ஸ் எதுவும் கிடையாது, அதனாலேயே கம்பெனிகள் பெரும்பாலும் ஐசிஎஃப், அதாவது இன்டர்நேஷனல் கோச்சிங் ஃபெடரேஷன் சர்டிஃபிகேட் இருக்கான்னு கேக்கறாங்க. அதோட முதல் படி ஏசிசி, அதாவது அசோசியேட் சர்டிஃபைட் கோச். 60 மணி நேரம் பயிற்சி, 10 மணி நேரம் மென்டர் கோச்சிங் (அனுபவமுள்ள கோச் ஒருத்தர் நீங்க கோச் பண்றத கேட்டு திருத்தறது), குறைஞ்சது 8 கிளையன்ட்டோட 100 மணி நேரம் கோச்சிங், அதுல 75 மணி நேரம் காசு வாங்கிப் பண்ணினதா இருக்கணும், கடைசியில ஒரு எக்ஸாம். ஒரு மணி நேர செஷன் வாரத்துக்கு ரெண்டுன்னா 100 மணி நேரம் சேர ஒரு வருஷம் ஆயிடும். அந்த வருஷத்த வேலையில இருந்துகிட்டே ஓட்டுங்க, சனிக்கிழமை ஒண்ணு, வாரத்துல ஒரு சாயந்திரம் ஒண்ணு. ஹெச்ஆர்ல எழுத்துல பர்மிஷன் வாங்கிடுங்க, நிறைய அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல வெளி வேலை கூடாதுன்னு இருக்கும். உங்களுக்கு நேரடியா ரிப்போர்ட் பண்றவங்கள கிளையன்ட்டா எடுக்காதீங்க, அப்ரைசல் போடற கை உங்களோடது, அவங்க மனசு விட்டு பேச மாட்டாங்க.

பண விஷயத்துல பெருசா அடிபடறது இன்சூரன்ஸ். வேலைய விட்ட உடனே கம்பெனி குரூப் பாலிசி போயிடும். பிபிய மறைக்காம சொல்லி இப்பவே குடும்பத்துக்கு சொந்தமா ஒரு பாலிசி எடுங்க, ஏற்கனவே இருக்கிற நோய்க்கு வெயிட்டிங் பீரியட் அதிகபட்சம் மூணு வருஷம், அந்த கடிகாரம் நீங்க சம்பளம் வாங்கறப்பவே ஓடட்டும். கம்பெனி கிளையன்ட்கிட்ட இருந்து பணம் மெதுவாத்தான் வரும், டிடிஎஸ் வேற 10 சதவீதம் பிடிச்சுட்டுத்தான் தருவாங்க. அதனால சிறு தொழில்களுக்கான அரசு பதிவான உத்யம்ல பதிவு பண்ணிக்கோங்க, அதுக்கு ஃபீஸ் கிடையாது, எழுத்துல ஒப்பந்தம் போட்டிருந்தாலும் 45 நாளுக்குள்ள உங்களுக்கு பணம் தரணும்னு எம்எஸ்எம்இ சட்டம் சொல்லுது. வருஷ வரவு 20 லட்சம் தாண்டினா ஜிஎஸ்டி எடுக்கணும். பிஎஃப்-ல கை வைக்காதீங்க. லோன் இருக்கிறதால ஒரு வருஷ இஎம்ஐயும் வீட்டுச் செலவும் தனியா எடுத்து வச்ச பிறகுதான் லெட்டர்.

இன்னொண்ணு, கோச் ஆனா ஓய்வு தானா வந்துடும்னு நினைக்காதீங்க. கிளையன்ட் எல்லாருமே வேலை பார்க்கிறவங்க, காலையில எட்டு மணி, ராத்திரி ஒன்பது மணின்னுதான் கேப்பாங்க, முதல் வருஷம் வேணாம்னு சொல்ல மனசு வராது. நான் ஒரு நாளைக்கு மூணு செஷனுக்கு மேல எடுக்கறது இல்ல, நாலாவதுல காது கேக்கும், மனசு கேக்காது. அப்புறம் சிலர் வேலையப் பத்தி பேச வந்து அழுவாங்க, தூக்கமே இல்லன்னுவாங்க, வாழ்க்கையே வேணாம்னு கூட சொல்லுவாங்க. அது கோச் கையில எடுக்கற விஷயம் இல்ல, அப்படியே டாக்டர்கிட்டயோ 14416ங்கிற டெலி மானஸ், அதாவது அரசோட மனநல உதவி லைன்லயோ சேர்த்துடணும். உங்களுக்கே ராத்திரியில மனசு பாரமா இருந்தாலும் அந்த நம்பருக்கு கூப்பிடலாம்.

கடைசியா, வீட்ல சொல்லலன்னீங்களே, இந்த ஞாயித்துக்கிழமை சொல்லிடுங்க. முடிவு பண்ணிட்டேன்னு சொல்லாதீங்க, "எனக்கு இப்படி தோணுது, உனக்கு என்ன தோணுது"ன்னு கேளுங்க. பொண்ணு காலேஜ் ஃபீஸ், இஎம்ஐ, மாச செலவு எல்லாத்தையும் ஒரு நோட்டுல அவங்க கையாலயே எழுதச் சொல்லுங்க. அவங்க பேசி முடிக்கிற வரைக்கும் குறுக்க எதுவும் சொல்லாம கேளுங்க சார்.