ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெய் வாடை

வணக்கம் சார்,

ஜெர்மனியில் ட்ரியர் நகரத்துக்கு வேலைக்கு வந்து ஆறு மாதம் ஆகிறது. பக்கத்து வீட்டுப் பெரியவர் என் பிறந்தநாளுக்கு ஒரு மோசல் ரீஸ்லிங் வெள்ளை ஒயின் கொடுத்தார், பத்து வருடப் பழசாம். திறந்ததும் மண்ணெண்ணெய் வாடை, குடித்தால் தித்திப்பு. கெட்டுப்போய்விட்டதா, இல்லை மலிவுச் சரக்கா? எதோடு சாப்பிடுவது என்றும் சொல்லுங்கள்.

வாசகர், ட்ரியர்

அன்புள்ள நண்பருக்கு,

நல்லவேளை, அவரிடமே கேட்டுவைக்கவில்லை. பத்து வருடம் பத்திரப்படுத்திய புட்டியை மனிதர் தூக்கிக் கொடுத்திருக்கிறார், நீங்கள் மலிவுச் சரக்கா என்கிறீர்கள்!

அந்த வாடைக்குக் காரணம் டிடிஎன் என்கிற சேர்மம். வெயில் பட்டு வளரும் திராட்சையில் கரோட்டினாய்டு நிறமிகள் சிதைகின்றன, அதிலிருந்து வருபவை புட்டிக்குள் அமிலத்தோடு கிடந்து வருடக்கணக்கில் மெல்ல மெல்ல டிடிஎன்னாக மாறுகின்றன, மற்ற திராட்சைகளைவிட ரீஸ்லிங்கில் இது அதிகம். ஈர அட்டைப்பெட்டி நாற்றம் வந்திருந்தால்தான் கார்க் கெட்டது என்று அர்த்தம். கொஞ்ச நேரம் கிண்ணத்திலேயே விட்டுவையுங்கள், அடியிலிருந்து தேனும் எலுமிச்சைத் தோலும் எழுந்து வரும்.

தித்திப்புக்கு வருவோம். மோசல் ஆற்றுப் பள்ளத்தாக்கு கிட்டத்தட்ட 50 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது, குளிர் பூமி, பழம் மெதுவாகத்தான் பழுக்கும், புளிப்பு குறையாது. அதனால்தான் ஆற்றைப் பார்த்த செங்குத்துச் சரிவுகளில் நடுகிறார்கள். பிரெம் ஊரின் கால்மோன்ட் சரிவு சில இடங்களில் 60 டிகிரிக்கும் மேல், நின்று வேலை செய்வதே பெரும்பாடு. மண் முழுக்க சிலேட்டுக்கல், நாம் பள்ளிக்கூடத்தில் எழுதிய அதே சிலேட்டுதான், பகல் வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு ராத்திரி கொடிக்குத் திருப்பித் தருகிறது. இவ்வளவு புளிப்பைச் சமன் செய்ய, சர்க்கரை முழுக்க ஆல்கஹாலாக மாறுமுன் நொதித்தலைப் பாதியில் நிறுத்திக் கொஞ்சம் மிச்சம் வைப்பது அங்கே பழைய வழக்கம். லேபிளில் ஆல்கஹால் 8, 9 சதவீதம் என்றால் இனிப்பு இருக்கும். 12 என்றால் பெரும்பாலும் இருக்காது, ‘ட்ரோக்கன்’, அதாவது இனிப்பில்லாதது, என்றும் போட்டிருப்பார்கள். லேபிளில் காணும் காபினெட், ஷ்பேட்லேசே என்ற தர வகைகளெல்லாம் பறிக்கும்போது பழத்தில் இருந்த சர்க்கரையின் அளவு, ஒயினின் இனிப்பு அல்ல. இதில் ஜெர்மன்காரர்களே குழம்புவார்கள்.

திராட்சையும் நேற்று வந்ததில்லை. 1435ல் ரூசல்ஸ்ஹைம் கோட்டைக் கணக்கில் ரீஸ்லிங் கொடி வாங்கியதாகப் பதிவு இருக்கிறது. சார்டனே என்ற இன்னொரு வெள்ளை ஒயின் திராட்சையும் இதுவும் குவே பிளாங்க் என்ற ஒரே பழைய கொடியின் பிள்ளைகள், ஆனால் குணம் ஒட்டவே ஒட்டாது. சார்டனேயைப் புது ஓக் பீப்பாயில் போட்டால் பலர் கொண்டாடுவார்கள், ரீஸ்லிங்கைப் போட்டால் என்னைப் பொறுத்தவரை அது பாவம்.

சாப்பாட்டுக்கு உங்கள் புட்டி அருமையான துணை. காரத்தோடு வலுவான சிவப்பு ஒயின் குடித்தால் ஆல்கஹால் நாக்கை இன்னும் எரிக்கும், இதில் ஆல்கஹாலும் குறைவு, சர்க்கரை எரிச்சலைத் தணிக்கும். தாய்லாந்துக் குழம்பு, வாத்து, நீலக்கோடு ஓடும் பாலாடைக்கட்டி எல்லாம் பொருந்தும். ட்ரோக்கன் கிடைத்தால் வெண்ணெயில் வறுத்த ட்ரவுட் மீன், இல்லை சவர்கிராவுட் (புளித்த முட்டைக்கோஸ்) வைத்த பன்றிக்கறி. இனிப்புப் பண்டத்தோடு மட்டும் வேண்டாம், ஒயின் வெறும் புளிப்பாகத் தெரியும்.

சில்லென்று உறைய வைக்காதீர்கள், 10 டிகிரி போதும். மிச்சத்தை மூடிக் குளிர்பெட்டியில் வையுங்கள், மூன்று நாலு நாள் தாங்கும். அதற்குள் பெரியவரையும் ஒருநாள் கூப்பிடுங்கள்.