தழும்பேறிய சிறுநீரகம்: மாட்டின் எதிர்ப்பு அணுக்களே காரணமா?

கேள்வி: ஏழு வயதுப் பசு. இரண்டு மாதமாக இளைத்துக்கொண்டே வந்தது, தண்ணீர் மட்டும் நிறையக் குடித்தது, கடைசியில் படுத்து எழவே இல்லை. அறுத்துப் பார்த்த கால்நடை மருத்துவர், இரண்டு சிறுநீரகமும் சுருங்கி வெள்ளையாகத் தழும்பேறியிருப்பதைக் காட்டி, "இதில் மாட்டின் எதிர்ப்பு அணுக்களுக்கும் பங்கு உண்டு" என்றார். காக்க வேண்டிய அணுக்கள் எப்படிக் கெடுக்கும்? மீதி நான்கு மாடுகளுக்கு எதிர்ப்புச் சக்தி கூட்டும் மருந்து கொடுக்கலாமா? இரண்டு வருடம் முன்பு இதே பசுவுக்குக் காய்ச்சல் வந்து, ஏழாம் மாதச் சினை கலைந்தது.

பதில்: மருத்துவர் சொன்னது சரிதான். ஆனால் அணுக்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது.

வாய்க்கால் கரை உடைந்தால் ஆட்கள் ஓடிவந்து மண் போட்டு அடைக்கிறார்கள். அடைத்ததும் போய்விட்டால் நல்லது. தினமும் ஒரு இடத்தில் உடைந்துகொண்டே இருந்தால், அவர்களும் மண் கொட்டிக்கொண்டே இருப்பார்கள்; ஒருநாள் வாய்க்காலே தூர்ந்துவிடும். சிறுநீரகத்தில் நடப்பதும் இதேதான்.

மாட்டின் சிறுநீரகம் ஆட்டினுடையதைப் போல வழவழப்பாக இருக்காது, மடல் மடலாகக் கொத்தாக இருக்கும். ஒவ்வொரு மடலிலும் நுண்ணிய குழாய்கள் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. கிருமியோ நஞ்சோ குழாயைப் புண்ணாக்கினால், முதலில் வருபவை நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்கள். கிருமியோடு சண்டை போட்டுத் தாமும் செத்துப்போகும். அப்புறம் வருகிற மேக்ரோஃபேஜ்களைத்தான் கவனிக்க வேண்டும். இவை கிருமியையும் செத்த செல்களையும் விழுங்கும். வேலை முடிகிற நேரத்தில் குணம் மாறி, பழுதுபார்க்க ஆள் கூப்பிடும். டிஜிஎஃப்-பீட்டா என்ற புரதத்தைச் சுரப்பதுதான் அந்தக் கூப்பாடு. அதைக் கேட்டதும் குழாய்களுக்கு இடையில் சும்மா இருந்த நார்ச்செல்கள் விழித்து, கொலாஜன் என்ற நாரை உற்பத்தி செய்யும்.

கிருமி உள்ளேயே தங்கிவிட்டால் கூப்பாடு ஓயாது. லிம்போசைட் என்ற இன்னொரு வகை வெள்ளையணுக்களும் வந்து கூடி, அழற்சியை அணையவிடாமல் வைத்திருக்கும். அறுத்துப் பார்க்கும்போது தெரிகிற வெள்ளைத் திட்டுகளில் புதியவை பெரும்பாலும் இந்த அணுக்களின் கூட்டம். பழையவை நாராகி இறுகி, மேற்பரப்பைக் குழியாக இழுத்திருக்கும். நார் இறுகிய இடத்தில் குழாய் நசுங்கிவிடும். அது திரும்ப முளைக்காது.

சிறுநீரகத்துக்குக் கையிருப்பு அதிகம். ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கெட்ட பிறகுதான் அதிகத் தாகமும் மிகுந்த சிறுநீரும் தலைகாட்டும். அதனால் நீங்கள் கவனிக்கத் தவறிவிட்டதாக வருந்த வேண்டாம்.

காய்ச்சலும் சினை கலைந்ததும் எலிக்காய்ச்சல் கிருமியான லெப்டோஸ்பைராவை நினைக்க வைக்கின்றன. அது சிறுநீரகக் குழாய்க்குள் மாதக்கணக்கில் குடியிருக்கும், சிறுநீரில் வெளியேறி மற்ற மாடுகளுக்கும் மனிதருக்கும் தொற்றும். ஆனால் வேறு கிருமிகளும் இப்படிச் செய்யும், சினை கலையவும் பல காரணங்கள் உண்டு. எனவே நான்கு மாடுகளுக்கும் ரத்தமும் சிறுநீரும் பரிசோதியுங்கள். லெப்டோஸ்பைரா உறுதியானால் எந்த ஆன்டிபயாடிக், எத்தனை நாள், தடுப்பூசி தேவையா என்பதை மருத்துவர் முடிவு செய்வார். சீக்கிரம் கிருமியை ஒழித்தால் அணுக்களும் கலைந்து போகும்; தழும்பைக் குறைக்க நம் கையில் இருக்கிற நல்ல வழி அதுதான்.

எதிர்ப்புச் சக்தி மருந்து வேண்டாம். இங்கே எதிர்ப்பு குறைந்ததால் வந்த கேடு இல்லை, அது ஓயாததால் வந்தது. அதற்காக அணுக்களை அடக்கலாம் என்று யாராவது ஸ்டீராய்டு ஊசி சொன்னால் அதற்கும் தலையாட்டாதீர்கள். ஒளிந்திருக்கும் கிருமி பெருகும். நிறைசினை மாட்டுக்குக் கரு கலையவும் கூடும்.

இன்னொன்று, பலரும் அசட்டையாக விடுவது: தண்ணீர் குடிக்காமல் வாடிய மாட்டுக்கு வலி மருந்தோ ஜென்டாமைசின் என்ற ஆன்டிபயாடிக்கோ நாமாகவே போடுவது. இரண்டும் சிறுநீரகத்தைப் புண்ணாக்கக்கூடியவை.

தீவனத்தை எலி எட்டாதபடி மூடி வையுங்கள், தொழுவத்தில் சிறுநீர் தேங்கவிடாதீர்கள். சோதனை முடிவு வரும்வரை கையுறையும் பூட்ஸும் இல்லாமல் தொழுவம் கழுவக் கூடாது. உங்கள் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், மாடு இறந்த விவரத்தை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.