கிட்டங்கியில் தங்கும் ஈரமும் தூசியும்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

சரக்கு வைக்கும் கிடங்குகளான கிட்டங்கிகளைத் துப்புரவாக வைத்துக்கொள்வது பற்றிச் செட்டிநாட்டு வாசகர்களிடமிருந்து வந்த கடிதங்களில் ஆறுக்கு இந்த இதழில் பதில் எழுதியிருக்கிறேன். அரிசி, பலகாரம், பார்சல் என்று சரக்கு வேறுபட்டாலும் சிக்கல் ஒன்றுதான். ஈரமும் தூசியும் எங்கே தங்குகின்றன என்று தேடிப் பார்க்காமல், கண்ணில் படும் இடத்தை மட்டும் கூட்டிவிட்டு வேலை முடிந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

கேள்வி: எங்கள் அரிசிக் கிட்டங்கியை நாள்தோறும் கூட்டுகிறோம். ஆனி மாதத்தில் மாத்திரை வைத்துப் புகைமூட்டமும் செய்தோம். ஆவணி முடிவதற்குள் மூட்டைகளில் மறுபடியும் வண்டு வந்துவிட்டது. மருந்து தரமற்றதா?
– அரிசி வணிகர், புதுவயல்

பதில்: மருந்தைச் சந்தேகிப்பதற்கு முன் அது வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றிலுள்ள ஈரத்தோடு சேர்ந்து பாஸ்பீன் என்னும் நச்சு வாயுவை வெளியிடுகிறது. 3 கிராம் எடையுள்ள ஒரு மாத்திரையிலிருந்து 1 கிராம் வாயு கிடைக்கும். மூட்டைக்குள்ளும் மணிக்குள்ளும் புகக்கூடிய அந்த வாயு, போதிய அளவில் போதிய நாள் தங்கினால், அரிசிக்குள் இருக்கும் கூன்வண்டின் முட்டையையும் புழுவையும்கூடக் கொன்றுவிடும். ஆனால், மூடிய விரிப்பை எடுத்துக் காற்றோட்டம் விட்ட பிறகு அரிசிக்கு எந்தக் காவலும் கிடையாது. மறுநாளே ஒரு பெண் வண்டு அட்டியில், அதாவது மூட்டை அடுக்கில், ஏறினால் அதைத் தடுக்க அங்கே எதுவும் இல்லை. அது மணியைத் துளைத்து முட்டையிட்டுத் துளையையும் அடைத்துவிடும். நம் பக்கத்து வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை வெளியே வந்துவிடும். ஆனிக்கும் ஆவணிக்கும் இடையே இரண்டு தலைமுறைக்கு நேரம் இருந்திருக்கிறது.

அந்த முதல் வண்டு பெரும்பாலும் உங்கள் கிட்டங்கிக்குள்ளேயே ஒளிந்திருக்கும். ஒரு சோதனை சொல்கிறேன், இன்றைக்கே செய்து பாருங்கள். டார்ச் விளக்கோடு அட்டிக்குப் பின்புறம் போய்க் குனிந்து, சுவரும் தரையும் சேரும் மூலையில் இருக்கும் விரிசலைப் பழைய கத்தியின் முனையால் சுரண்டி, வரும் தூளை ஒரு வெள்ளைத் தாளில் கொட்டி, சில நிமிடம் அசையாமல் பார்த்துக்கொண்டிருங்கள். தவிடும் குருணையும் கலந்த அந்தத் தூளுக்குள்ளிருந்து செம்பழுப்பு நிறத்தில் சிறிய பூச்சிகள் நகரத் தொடங்கினால், அவை சிவப்பு மாவு வண்டுகள். முழு மணியைத் துளைக்கத் திறனில்லாத அவை உடைந்த அரிசியிலும் மாவுத் தூசியிலுமே குடும்பம் நடத்துகின்றன. அந்தத் தூசி இல்லாத கிட்டங்கியில் அவற்றுக்குப் பிழைப்பில்லை.

இடம் வீணாகிறது என்று அட்டியைச் சுவரோடு ஒட்டிப் போடுவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். நான்கு பக்கமும் ஓர் ஆள் விளக்குமாற்றோடு நடந்து போகும்படி இரண்டரை அடியாவது விடுங்கள். மூட்டைகள் தரையில் படாமல் மரச்சட்டத்தின் மேல் இருக்கட்டும். சரக்கு காலியாகும்போதெல்லாம் அந்தச் சட்டங்களைப் புரட்டித் தட்டி வெயிலில் போடுங்கள். கூட்டுவதை மேலிருந்து தொடங்குங்கள்: முதலில் உத்தரம், பிறகு சன்னல் விளிம்பு, பிறகு சுவர், கடைசியில் தரை. தரையை முதலில் கூட்டினால் மேலிருந்து விழுவது மறுபடியும் அங்கேதான் கிடக்கும். கூட்டியெடுத்த தூளை மூலையில் குவித்துவைக்காமல் அன்றைக்கே கட்டடத்தை விட்டு வெளியேற்றுங்கள். அதைச் சலித்து மீண்டும் மூட்டையில் சேர்ப்பது வண்டுக்கு நாமே வழிவிடுவதாகும். பழைய சாக்குகளைச் சரக்கு இருக்கும் அறையில் அடுக்கவே கூடாது.

விரிசல்களைச் சிமெண்டால் அடைத்த பிறகு சுவருக்கும் தரைக்கும் மருந்து தெளிக்கலாம். 50 சதவீத மாலத்தியான் ஒரு பங்கை நூறு பங்கு தண்ணீரில் கலந்து, 100 சதுர மீட்டருக்கு 3 லிட்டர் என்பது கிட்டங்கிகளில் பின்பற்றப்படும் அளவு. பழக்கத்தில் இருந்த டைகுளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டுவிட்டது. யாராவது பழைய புட்டியைக் கொடுத்தால் வாங்காதீர்கள். புகைமூட்டத்தை உரிமம் பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளரைக் கொண்டுதான் செய்ய வேண்டும். அவர் சாதாரணத் தார்ப்பாயால் மூடினாரா, வாயு கசியாத தடித்த பாலித்தீன் விரிப்பால் மூடி, அதன் விளிம்புகளில் மணல் பைகளை இடைவெளியின்றி வைத்தாரா என்பதைக் கேளுங்கள். வாயு கசிந்தால் பாதி வண்டுகள் பிழைத்துக்கொள்ளும். பிழைத்தவற்றின் வாரிசுகள் அடுத்த முறை அந்த மருந்துக்கு எளிதில் சாகா. மூடியது ஐந்து முதல் ஏழு நாள் வரை அப்படியே இருக்க வேண்டும். மின்னணுத் தராசு, கணினி போன்றவற்றை முன்னதாகவே வெளியே எடுத்துவிடுங்கள். பாஸ்பீன் செம்புக் கம்பிகளை அரிக்கும்.

அரிசியின் ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டினால் இத்தனையும் செய்தும் பயனில்லை. மூட்டை இறங்கும்போதே அளந்து பாருங்கள். வண்டு வந்ததை முன்கூட்டியே அறிய, வேளாண் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளைகளுள்ள பொறிக்குழாயை அரிசிக்குள் செருகிவைத்து வாரம் ஒரு முறை எடுத்துப் பாருங்கள்.

கேள்வி: கிட்டங்கியின் கான்கிரீட் தரை எத்தனை முறை கூட்டினாலும் வெள்ளைத் தூளாக உதிர்கிறது. ஆசிட் ஊற்றிக் கழுவி எபாக்சி என்னும் பிசின் பூசலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். செய்யலாமா?
– மளிகை மொத்த வணிகர், காரைக்குடி

பதில்: ஆசிட் வேண்டாம். கான்கிரீட்டில் தண்ணீர் அதிகமாகக் கலந்தாலோ, போட்ட பிறகு சரியாக நீராற்றவில்லை என்றாலோ மேற்பரப்பு வலுவிழந்து தூளாக உதிரும். அதன்மேல் ஆசிட் ஊற்றிக் கழுவுவது மிச்சமிருக்கும் பிடிப்பையும் கரைத்துவிடும். சோடியம் அல்லது லித்தியம் சிலிகேட் கரைசலைப் பூசினால் அது கான்கிரீட்டுக்குள் ஊறி, அங்குள்ள சுண்ணாம்போடு சேர்ந்து மேற்பரப்பை இறுக்கும். பெரும்பாலான மளிகைக் கிட்டங்கிகளுக்கு அதுவே போதும், செலவும் குறைவு.

எபாக்சிதான் வேண்டுமென்றால், முதலில் தரைக்கடியிலிருந்து ஈரம் ஏறுகிறதா என்று பாருங்கள். ஒன்றரை அடிச் சதுரத்தில் தெளிவான பாலித்தீன் தாளை வெட்டி, தரையில் விரித்து, நான்கு விளிம்பையும் காற்றுப் புகாமல் நாடாவால் ஒட்டி, 16 மணி நேரம் கழித்து எடுங்கள். தாளின் அடியில் நீர்த்துளி இருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ எபாக்சி ஒரு மழைக்காலத்தைக்கூடத் தாங்காமல் கொப்பளித்து உரியும். இதை ஐப்பசி, கார்த்திகையில் செய்து பார்த்தால்தான் உண்மை தெரியும்.

கேள்வி: எங்கள் பூர்வீக வீட்டின் இரண்டாம் கட்டுப் பகுதியை முறுக்கு, அதிரசம், சீப்புச்சீடை அட்டைப்பெட்டிகள் வைக்கப் பயன்படுத்துகிறோம். சுவரின் கீழ்ப்பகுதி உதிர்கிறது. மேலே புறாக்கள் அடைகின்றன. ஆத்தங்குடிக் கல் பதித்த தரை மங்கிவிட்டது. எப்படிப் பராமரிப்பது?
– பலகாரத் தொழில் செய்யும் வாசகி, பள்ளத்தூர்

பதில்: ஆச்சி, இந்தக் கடிதத்தைப் படித்ததும் முதலில் மனதில் வந்தது, உதிரும் சுவருக்கு யாராவது சிமெண்ட் பூசிவிடக் கூடாதே என்பதுதான். உங்கள் சுவர் சுண்ணாம்புக் காரைச் சுவர். மண்ணிலிருந்து ஏறும் ஈரத்தை அது உள்ளே வாங்கி, மெல்ல வெளியே விட்டு, தன்னைக் காத்துக்கொள்கிறது. அதன் மேல் சிமெண்டோ பிளாஸ்டிக் பெயிண்டோ ஏறினால் ஈரம் வெளியேற வழியின்றி மேலே ஏறும். இரண்டடி உயரத்தில் நின்ற உதிர்வு நான்கடிக்குப் போகும், பெட்டிகளின் முதுகில் பூசணம் பிடிக்கும். உதிர்ந்ததைச் சுரண்டி, சுண்ணாம்புக் காரையாலேயே ஒட்டுப்போட்டு, ஆண்டுக்கு ஒரு முறை சுண்ணாம்பு அடியுங்கள். ஈரம் ஏறுவதற்குக் காரணம் வெளியில் சுவரோரமாகக் கொட்டிக் கிடக்கும் மண்ணா, முற்றத்துத் தண்ணீரை வெளியேற்றும் தூம்பு அடைத்திருப்பதா என்பதையும் பாருங்கள். இரண்டில் ஒன்று பெரும்பாலும் இருக்கும்.

ஆத்தங்குடிக் கல் சிமெண்டால் ஆனது, சூளையில் சுடப்படாதது. கழிவறைக்கு ஊற்றும் ஆசிட் ஒரே முறை பட்டாலும் அதன் நிறமும் மழமழப்பும் போய்விடும். ஈரத்துணியால் துடைத்து, நன்றாக உலர்ந்தபின், சில சொட்டுத் தேங்காய் எண்ணெய் தோய்ந்த துணியால் தேயுங்கள். ஆனால், பெட்டி அடுக்கும் பகுதியில் எண்ணெய் வேண்டாம். தூசி ஒட்டும், காலும் வழுக்கும். அங்கே மரச்சட்டம் போட்டு அதன் மேல் பெட்டிகளை வையுங்கள். சக்கரம் வைத்த கனமான தள்ளுவண்டியை அந்தக் கல்லின் மேல் ஓட்டாதீர்கள்.

புறா எச்சத்தை உலர்ந்தபடி கூட்டுவதுதான் பெரிய ஆபத்து. அதன் தூசியில் நுரையீரலைத் தாக்கும் பூசண வித்துகள் இருக்கக்கூடும். தண்ணீர் தெளித்து ஊறவிட்டு, முகக்கவசமும் கையுறையும் அணிந்து வழித்தெடுத்து உறையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்துங்கள். அந்த வேலை முடியும் வரை பெட்டிகள் வேறு அறையில் இருக்கட்டும். பிறகு முற்றத்தின் மேலும் சாளரங்களிலும் வலை கட்டுங்கள். வலை கட்டாத வீட்டில் உணவுச் சரக்கு வைப்பது முறையாகாது.

கேள்வி: பார்சல் கிட்டங்கி நடத்துகிறோம். மின்கலத்தில் ஓடும் தூக்குவண்டி ஒன்று வாங்கியிருக்கிறோம். இடமில்லாததால் அட்டைப்பெட்டிகளுக்கு அருகிலேயே இரவில் சார்ஜ் போடுகிறோம். இதில் தவறு உண்டா?
– தேவகோட்டை

பதில்: உண்டு, உடனே மாற்றுங்கள். ஈய-அமில மின்கலம் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு வெளியேறுகிறது. காற்றில் அது 4 சதவீதத்தைத் தொட்டால் ஒரு சிறு பொறி போதும். அது இலேசானது என்பதால் கூரையோரம் போய்த் தேங்கும். சார்ஜ் போடும் இடத்துக்கு மேலே காற்று வெளியேறும் திறப்பு இருந்தாக வேண்டும். இரவில் கதவடைத்துவிட்டுப் போகும் கிட்டங்கியில் இது உயிர் பற்றிய விஷயம். வாசலுக்கு அருகே தனி இடம் ஒதுக்கி, சுற்றிலும் மஞ்சள் கோடு போட்டு, அதற்குள் ஒரு பெட்டியும் வைக்காதீர்கள். அமிலம் சிந்தினால் மரத்தூள் போடக் கூடாது. சமையல் சோடாவைத் தூவி, நுரை அடங்கிய பின் தண்ணீரால் கழுவுங்கள். எண்ணெய் சிந்தினால் மணலோ மரத்தூளோ போட்டு அள்ளலாம். அந்த எண்ணெய்த் துணிகளை மூடியுள்ள இரும்புத் தொட்டியில் போடுங்கள்.

கேள்வி: மழைக்கு முன் தகரக் கூரையில் என்ன செய்ய வேண்டும்?
– கோட்டையூர்

பதில்: வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குவதால், புரட்டாசி முதல் வாரத்திலேயே முடித்துவிடுங்கள். மழைநீர்க் கால்வாயிலுள்ள சருகை அள்ளி, குழாயில் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றித் தடையின்றி இறங்குகிறதா என்று பாருங்கள். திருகாணிகளின் அடியிலுள்ள ரப்பர் வளையம் வெயிலில் வெடித்திருந்தால் மாற்றுங்கள்; ஒழுகுவது பெரும்பாலும் அங்கேதான். பகலில் உள்ளே விளக்கை அணைத்துவிட்டு மேலே பார்த்தால் ஓட்டைகள் புள்ளி வெளிச்சமாகத் தெரியும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: வெளிச்சத்துக்காகப் பதித்த ஒளிபுகும் தகடுகளின் மேலும் பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளின் மேலும் யாரையும் கால் வைக்க விடாதீர்கள். அவை ஆள் எடையைத் தாங்கா. ஏணிப் பலகையும் இடுப்புக் கயிறும் இல்லாமல் எவரையும் கூரையில் ஏற்றாதீர்கள்.

கேள்வி: நான் தவிட்டுக் கிட்டங்கியில் கூட்டும் வேலை செய்கிறேன். சில மாதங்களாக இருமலும் இரவில் மூச்சிரைப்பும் இருக்கிறது. முந்தானையை மூக்கில் கட்டிக்கொள்கிறேன். வேறு என்ன செய்யலாம்?
– பெண் தொழிலாளி, கண்டனூர்

பதில்: அம்மா, முதலில் அரசு மருத்துவமனைக்குச் சென்று, செய்யும் வேலை இன்னதென்று மருத்துவரிடம் சொல்லுங்கள். வேலையைச் சொல்லாவிட்டால் சாதாரண இருமலென்று மருந்து கொடுத்து அனுப்பிவிடக்கூடும். உங்கள் இடத்தில் பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்த்து, மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால், தொழிலாளர் அரசு ஈட்டுறுதித் திட்டத்தில் (இ.எஸ்.ஐ.) உங்கள் பெயர் இருக்க வேண்டும். அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள்.

முந்தானைத் துணி நுண்ணிய தவிட்டுத் தூசியைத் தடுக்காது. என்-95 முகக்கவசம் வேண்டும். அதை முதலாளி வாங்கித் தர வேண்டும். கூட்டும்போது காற்று உங்கள் முதுகுப்பக்கமிருந்து வாசலை நோக்கிப் போகும்படி உள்மூலையிலிருந்து தொடங்குங்கள். காற்றழுத்தக் குழாயால் தூசியை ஊதச் சொன்னால் மறுத்துவிடுங்கள். பறக்கும் தவிட்டுத் தூசி மூச்சைக் கெடுப்பதோடு தீப்பற்றவும் கூடியது.

இதைப் படிக்கும் முதலாளிகளுக்குச் சொல்கிறேன். தூசியை உறிஞ்சி வடிகட்டும் தொழிற்கூட இயந்திரத்தின் விலை, இந்த அம்மாவின் நுரையீரலுக்கு முன் பெரிதல்ல. துப்புரவு செய்பவரைக் கேட்டுத்தான் அட்டி எங்கே போடுவதென்று முடிவு செய்ய வேண்டும். விளக்குமாறு எட்டாத இடம் எது என்று அவருக்குத்தான் தெரியும்.

இன்னொன்றும் உங்களுக்கு, அம்மா. புகைமூட்டம் செய்த கிட்டங்கியைத் திறந்தவுடன் கூட்ட உள்ளே போகாதீர்கள். பூண்டோ கெட்ட மீனோ போல நாற்றம் வந்தால் உடனே வெளியேறுங்கள். நாற்றம் இல்லை என்பதால் வாயு இல்லை என்றும் நம்பாதீர்கள். எல்லாக் கதவுகளையும் திறந்து காற்றோட்டம் விட்டு, கருவியால் அளந்து, பாஸ்பீன் 0.3 பிபிஎம்முக்குக் (பத்து லட்சம் பங்கு காற்றில் 0.3 பங்கு) கீழே இறங்கியதை முதலாளி காட்டிய பிறகே உள்ளே கால் வையுங்கள்.