செடானுக்கு எந்த டயர்? வேலூர்ப் பக்கத்துக் கேள்விகள்

சத்துவாச்சாரியில் டயர் விற்பதும் அலைன்மென்ட் பார்ப்பதுமாக எனக்கு இருபது வருடம் ஓடிவிட்டது. தோல் ஏற்றுமதிக்காரர்கள், டாக்டர்கள் புண்ணியத்தில் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூன்று மாவட்டத்திலும் பெரிய செடான் கார்கள் பெருகிவிட்டன. வருகிறவர்கள் முதலில் கேட்பது "எந்த பிராண்டு நல்லது?" என்றுதான். அது கடைசிக் கேள்வி. முதல் கேள்வி, என்ன அளவு டயர் என்பது. அதற்குப் பதில், பெரும்பாலும் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தெரியும் ஸ்டிக்கரில் இருக்கிறது.

ஆம்பூர்க்காரர் ஒருவர்: அண்ணா, என் மெர்சிடிஸ் சி-கிளாஸில் 225/50 ஆர்17 டயர். எங்கள் தெரு வேகத்தடையில் வண்டியின் அடிவயிறு இடிக்கிறது. 225/55 போட்டால் உயரம் கூடுமாமே?

கூடும், 11 மில்லிமீட்டர். ஒரு விரல் தடிமன்கூட இல்லை. கணக்கைப் பாருங்கள். 225 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 50 என்றால் அந்த அகலத்தில் 50 சதவீதம் சைடுவாலின் (டயரின் பக்கச் சுவர்) உயரம், அதாவது 112.5. 17 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். எல்லாம் கூட்டினால் மொத்த விட்டம் சுமார் 657 மி.மீ. 55க்குப் போனால் 679. வித்தியாசம் 3 சதவீதத்தைத் தாண்டிவிடுகிறது. வண்டி உயர்வதோ அந்த 22 மில்லிமீட்டரில் பாதிதான். இந்த 11 மில்லிமீட்டருக்காக ஸ்பீடோமீட்டர் தப்பாகக் காட்டும், ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் உள்ளே உரசவும் கூடும். எந்த மாற்றமானாலும் விட்டத்தில் 2 சதவீதத்துக்குள் நில்லுங்கள். வேகத்தடையில் வண்டியைக் கொஞ்சம் சாய்த்து, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றுங்கள். செலவில்லாத வைத்தியம்.

அவரே: அப்படியானால் 18 அங்குல ரிம் போடலாமா?

225/45 ஆர்18 என்றால் விட்டம் 660. கணக்கு சரியாக வருகிறது. ஆனால் சைடுவால் 112லிருந்து 101க்கு இறங்கிவிடும். பள்ளத்தில் விழும்போது ரிம்மைக் காப்பாற்றுவது அந்த ரப்பர் உயரம்தான். வயசுக் கோளாறில் நானும் என் வண்டியில் 17ஐக் கழற்றிவிட்டு 19 மாட்டினேன். பார்க்க ஜோர். மூன்றாவது வாரம் மழைநாளில் தண்ணீர் நிறைந்த ஒரு பள்ளம். ரிம் கோணல், சைடுவாலில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். அந்த வீக்கம் என்பது உள்ளே நூல் அறுந்து, காற்று வெளி ரப்பரைத் தள்ளுவது. அதற்கு ஒட்டு கிடையாது. அந்த வீக்கத்தோடு நான்குவழிச் சாலையில் ஏறாதீர்கள்.

காட்பாடியிலிருந்து: சார், பிஎம்டபிள்யூ 320டி வைத்திருக்கிறேன். ரன்-ஃபிளாட் டயர் தேய்ந்துவிட்டது. சாதா டயருக்கு மாறலாமா? நட்சத்திரக் குறி போட்ட டயர்தான் வாங்க வேண்டும் என்கிறார்களே?

இதற்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ரன்-ஃபிளாட்டின் சைடுவால் தடித்தது. காற்று முழுக்கப் போனாலும் பொதுவாக 80 கி.மீ. வேகத்துக்குள் 80 கி.மீ. தூரம் வரை போகலாம். ராத்திரி இரண்டு மணிக்குப் பள்ளிகொண்டா தாண்டிப் பஞ்சரானால், இறங்காமலே வேலூர் வந்து சேர்ந்துவிடலாம். குடும்பத்தோடு போகிறவர்களுக்கு அது பெரிய தைரியம். அந்தத் தடிமனே நம் சாலைகளில் இடுப்பை வாங்குகிறது, விலையும் அதிகம். காற்றில்லாமல் ஓட்டிய ரன்-ஃபிளாட்டைப் பெரும்பாலும் தூக்கிப் போட வேண்டியதுதான், உள்ளே என்ன நொறுங்கியது என்று வெளியே தெரியாது.

சாதா டயருக்குத் தாராளமாக மாறலாம், சவாரி மெத்தென்று மாறிவிடும். ஆனால் உங்கள் வண்டியில் ஸ்டெப்னி இல்லையென்றால் அதை மறக்காதீர்கள். சிகரெட் லைட்டரில் ஓடும் காற்றுப் பம்பும் பஞ்சர் கிட்டும் டிக்கியில் இருக்க வேண்டும். சைடுவால் கிழிந்தால் அதுவும் உதவாது, டோயிங் வண்டிதான். மாறினால் நான்கையும் மாற்றுங்கள். இரண்டு ரன்-ஃபிளாட், இரண்டு சாதா என்று கலக்கவே கூடாது.

நட்சத்திரக் குறி, பிஎம்டபிள்யூவுக்கென்று பக்குவப்படுத்திய டயர் என்பதற்கு. மெர்சிடிஸுக்கு எம்ஓ, ஆடிக்கு ஏஓ. கிடைத்தால் நல்லது. 2020 ஜூனில் டயர் இறக்குமதிக்கு மத்திய அரசு கட்டுப்பாடு கொண்டுவந்தபோது இந்த அளவுகளுக்குப் பஞ்சமே வந்தது. கிடைக்காவிட்டால் அதே அளவு, அதே லோடு இன்டெக்ஸ் (தாங்கும் எடை), அதே ஸ்பீடு ரேட்டிங்கில் (தாங்கும் வேகம்) குறியில்லாததை வாங்கலாம். மொட்டை டயரோடு மாதக்கணக்கில் காத்திருப்பதுதான் ஆபத்து. பட்டன் (டயர் மேலுள்ள வரிப்பள்ளம்) ஆழம் 1.6 மி.மீ.க்கு வந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது.

ராணிப்பேட்டையிலிருந்து: பக்கவாட்டில் 94 டபிள்யூ என்றிருக்கிறது. 270 கி.மீ. வேகத்தில் யார் ஓட்டப் போகிறார்கள்? எச் போட்டால் காசு மிச்சமாகாதா?

94 என்பது ஒரு டயர் 670 கிலோ தாங்கும் என்பதற்கு. டபிள்யூ 270, வி 240, எச் 210. ஓட்டப் போகிற வேகமாக இதைப் பார்க்காதீர்கள், டயர் தாங்கும் சூடாகப் பாருங்கள். மே மாத வெயிலில் ஐந்து பேர், நிறைய லக்கேஜ், வாலாஜாவிலிருந்து பெங்களூர் வரை நிற்காமல் ஓட்டம் என்றால் டயருக்குள் என்ன நடக்கும்? கம்பெனி கொடுத்த எழுத்திலிருந்து கீழே இறங்க வேண்டாம். லோடு எண்ணில் கண்டிப்பாகக் கூடாது.

வாணியம்பாடியிலிருந்து: வெயில் காலத்தில் வெடித்துவிடும் என்று மெக்கானிக் 4 பிஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) குறைத்தே காற்றடிக்கிறார். சரிதானே?

தலைகீழ். காற்று குறைந்தால் சைடுவால் அதிகமாக மடங்கி மடங்கி நிமிரும், அந்த மடிப்பில்தான் சூடு பிறக்கிறது. வெடிக்கிற டயர்களில் பாதிக்கு மேல் என் கண்ணுக்குக் காற்று குறைந்த டயர்கள்தான். காலையில் வண்டி எடுக்கும் முன் ஸ்டிக்கரில் உள்ள அளவுக்கு அடியுங்கள். ஓடிச் சூடேறி 4 பிஎஸ்ஐ கூடினால் இறக்காதீர்கள், அது கணக்கில் சேர்ந்ததுதான்.

டயரில் நைட்ரஜன் அடிப்பது பற்றியும் கேட்டிருந்தார். சாதாக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். இலவசமென்றால் அடித்துக்கொள்ளுங்கள்.

குடியாத்தத்திலிருந்து: சரி அண்ணா, இப்போதாவது பிராண்டு சொல்லுங்கள்.

சொல்கிறேன், இது என் கை அனுபவம் மட்டுமே. சத்தம் வரக்கூடாது, சொகுசு வேண்டும் என்றால் மிஷெலின் பிரைமசி அல்லது யோகோஹாமா அட்வான் டிபி. மழையில் பிரேக் நம்பிக்கை வேண்டுமா, கான்டினென்டல். ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளை ரசித்து ஓட்டுகிறவருக்கு மிஷெலினின் பைலட் ஸ்போர்ட் 4, ஆனால் சீக்கிரம் தேயும். பட்ஜெட் இடித்தால் எம்ஆர்எஃப் பெர்ஃபின்சாவையோ அப்பல்லோவின் வ்ரெடெஸ்டைனையோ பார்க்கலாம். எம்ஆர்எஃபுக்கு அரக்கோணத்திலேயே ஆலை இருக்கிறது, நம் ஊர்க்காரர் மாதிரி. பேர் தெரியாத மலிவு டயரை மட்டும் இந்த எடை வண்டிக்கு மாட்டாதீர்கள். ஐஎஸ்ஐ முத்திரை இல்லாததைத் தொடவே வேண்டாம்.

இரண்டுதான் வாங்க முடியும் என்றால் புதிய ஜோடி பின்னால் போகட்டும். ஈரச் சாலையில் பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும். முன்னும் பின்னும் ஒரே அளவு உள்ள வண்டிக்குத்தான் இது.

பாகாயத்திலிருந்து ஒரு டாக்டர்: வருடத்துக்கு 3,000 கி.மீ. கூட ஓடுவதில்லை. எட்டு வருடமாகியும் பட்டன் புதுசு போல இருக்கிறது. மாற்ற வேண்டுமா?

மாற்றிவிடுங்கள் சார். ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும், நம் வெயிலில் நிற்கும் வண்டிக்கு இன்னும் வேகமாக. பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. ஐந்து வருடம் தாண்டினால் வருடா வருடம் காட்டுங்கள், சைடுவாலில் முடிபோல வெடிப்பு தெரிந்தால் தள்ளிப்போடாதீர்கள். புதிது வாங்கும்போதும் அந்த எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் மாட்டச் சொல்ல வேண்டும். அப்புறம், டிக்கியில் ஸ்டெப்னி இருந்தால் அதன் தேதியையும் பாருங்கள். அதுவும் எட்டு வருடம் கிடந்ததுதான்.