எவர்சில்வர் வலைக்கும் கறை பிடிக்குமா? கேள்வி பதில்

சிங்கப்பூரில் காக்கி புக்கிட் பக்கம் ஒரு பட்டறையில் இருபது வருடத்துக்கு மேல் கம்பி வலை வெட்டிச் சட்டம் அடித்துக் கொடுத்தவன் நான். வந்த கேள்விகளைச் சுருக்கிப் போட்டு, தெரிந்ததைச் சொல்கிறேன்.

பாசிர் ரிஸ்ஸிலிருந்து ஓர் அக்கா: கடலைப் பார்த்த வீடு. சன்னலுக்கு எவர்சில்வர் வலை போட்டு எட்டு மாதம்கூட ஆகவில்லை, பழுப்பாகக் கறை படிந்திருக்கிறது. போலிச் சரக்கா?

போலியாக இருக்க வேண்டியதில்லை அக்கா. எவர்சில்வரைக் காப்பாற்றுவது அதில் கலந்திருக்கும் குரோமியம். பத்தரை சதவீதமாவது இருந்தால், காற்றுப் பட்டதும் கண்ணுக்குத் தெரியாத ஆக்சைடு ஏடு ஒன்று மேலே படியும். கீறினாலும் தானாக மூடிக்கொள்ளும். கடற்காற்றில் வரும் உப்பு அந்த ஏட்டைத்தான் அரிக்கிறது. கடைகளில் சாதாரணமாகக் கிடைப்பது 304 ரகம். அதில் குரோமியம் சுமார் 18, நிக்கல் 8 சதவீதம். 316 ரகத்தில் கூடவே 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் என்ற உலோகத்தைச் சேர்ப்பார்கள். உப்பைத் தாங்குகிற வேலையைச் செய்வது அதுதான். கடலோர வீட்டுக்கு 316-ஐத் தவிர வேறு எதையும் நான் சொல்லமாட்டேன், விலை கூடினாலும் சரி.

ஒன்று பாருங்கள், மழை நன்றாக அடிக்கிற இடத்தில் கறை குறைவாக இருக்கும். கூரை மறைக்கிற மேல் மூலையில்தான் அதிகம் தெரியும். மழை உப்பைக் கழுவிவிடுகிறது, அவ்வளவுதான். மழை எட்டாத இடத்தை நீங்கள்தான் கழுவ வேண்டும். மாதம் ஒரு முறை பாத்திரச் சோப்பும் மெல்லிய துணியும் போதும், அப்புறம் நல்ல தண்ணீர் ஊற்றி அலசிவிடுங்கள். குளோரின் பிளீச் வேண்டவே வேண்டாம். இரும்பு நாரால் தேய்த்தால் அதன் துகள் வலையில் ஒட்டிக்கொண்டு, அதுவே துருப்பிடிக்கும்.

ஈசூன் தம்பி: எங்கள் புளோக்கில் டெங்கி. கண் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது என்று 40 மெஷ் வாங்கப் போகிறேன். சரிதானே?

வேண்டாம் தம்பி, வீடு புழுங்கும். மெஷ் என்றால் ஓர் அங்குல நீளத்தில் எத்தனை கண் என்ற கணக்கு. 25.4-ஐ மெஷ் எண்ணால் வகுத்து, கம்பியின் கனத்தைக் கழித்தால் கண்ணின் அகலம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 18 மெஷ், 0.28 மில்லிமீட்டர் கம்பி என்றால் கண் 1.13 மில்லிமீட்டர். ஏடிஸ் கொசுவைத் தடுக்க இது போதும். வலையின் பரப்பில் சுமார் 64 சதவீதம் திறந்தே இருக்கும். 40 மெஷ், 0.22 கம்பியில் அது 43 ஆகிவிடும். மின்விசிறிக்குக் கட்டும் காசை நினைத்துக்கொள்ளுங்கள். வலையைவிடச் சட்டத்தின் ஓரத்தில் இருக்கும் இடுக்கை முதலில் பாருங்கள், கொசு அங்கேதான் நுழையும்.

பொங்கோலிலிருந்து: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் பூனை வளர்க்க 2024 செப்டம்பரிலிருந்து அனுமதி வந்துவிட்டதே. கொசு வலையே பூனைக்கும் போதுமா?

போதாது. மெல்லிய கம்பி அறுவது அபூர்வம்தான். ஆனால் பூனை தொற்றி ஏறினால், வலையைச் சட்டத்தில் பிடித்திருக்கும் ரப்பர் நாடா கழன்றுவிடும். 11 மெஷ், 0.8 மில்லிமீட்டர் கம்பி என்று கேளுங்கள், பாதுகாப்பு வலைக்குப் பழக்கமான அளவு அது. ரப்பர் நாடாவுக்குப் பதில் திருகாணி போட்ட பட்டையால் இறுக்கச் சொல்லுங்கள். சட்டம் அலுமினியமாக இருந்தால் வலை நேராக அதில் படக்கூடாது. உப்பு ஈரத்தில் இரண்டு உலோகம் ஒட்டினால் அலுமினியம்தான் கரையும்.

உட்லண்ட்ஸ் அண்ணன்: காந்தம் ஒட்டினால் எவர்சில்வர் இல்லை என்கிறார்களே?

பாத்திரக் கடைப் பேச்சு அது. 304 இயல்பில் காந்தத்துக்கு மசியாது. ஆனால் கம்பியாக இழுக்கும்போது உள்ளமைப்பு மாறி, லேசாக ஒட்டும். 430 என்ற மலிவு ரகம் நன்றாகவே ஒட்டும், அதுவும் எவர்சில்வர்தான். 304-ஐயும் 316-ஐயும் காந்தத்தால் பிரித்துச் சொல்ல முடியாது. சீட்டு ஒட்டாமல் இரண்டு சுருளையும் ஒரே அலமாரியில் வைத்துவிட்டு நான் திருதிருவென விழித்திருக்கிறேன். மாலிப்டினம் இருந்தால் நிறம் காட்டுகிற சோதனைத் திரவம் வாங்கித்தான் அன்று பிழைத்தேன். நீங்கள் ரசீதில் 316 என்று எழுதி வாங்கிவிடுங்கள்.

தேக்காவிலிருந்து: இடியாப்ப மாவு சலிக்க எந்தச் சல்லடை?

40 மெஷ் சல்லடையில் கண் சுமார் 0.4 மில்லிமீட்டர், 60-ல் கால் மில்லிமீட்டர். அச்சில் அடைக்கக்கூடாது என்றால் 60. பொறுமை இல்லாவிட்டால் 40.

ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் சாத்தே (குச்சியில் குத்திச் சுடும் இறைச்சி) சுட, வீட்டில் மிஞ்சிய நாகம் (துத்தநாகம், ஜிங்க்) பூசிய வலையைப் போடலாமா?

கூடவே கூடாது. நாகம் 420 டிகிரியிலேயே உருகும். கரி நெருப்பு அதைத் தாண்டிவிடும், அந்தப் புகை உடம்புக்கு ஆகாது. 304 வலை வாங்குங்கள். முதல் தடவையே மஞ்சளும் நீலமுமாக நிறம் மாறும், பயந்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.