இடது கை ஏன் கூடவே ஓடுகிறது?

அன்புள்ள சார்,

நாற்பத்தொரு வயதில் மிருதங்கம் கற்கத் தொடங்கியிருக்கிறேன். தனித்தனியாக வாசித்தால் இரண்டு கையும் சரியாகத்தான் விழுகிறது. சேர்த்து வாசித்துக் கொஞ்சம் வேகம் கூட்டினால் இடது கை வலது கையோடு ஒட்டிக்கொள்கிறது. வயசாகிவிட்டதா? என்னோடு கற்கும் மகன் வேறு நொட்டாங்கைக்காரன். அவனையும் வலது கையிலேயே பழக்கச் சொல்கிறார்கள். செய்யலாமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

வயசுக்கும் பங்கு உண்டு. ஆனால் பழியை அதன்மேல் போடுவதற்கு முன் ஒன்று செய்து பாருங்கள். இரண்டு ஆள்காட்டி விரல்களையும் மேசைமேல் நீட்டி, கார் வைப்பர் போல ஒரே பக்கமாக அசையுங்கள். இரண்டும் இடம், இரண்டும் வலம். மெல்ல வேகம் கூட்டுங்கள். ஒரு கட்டத்தில் விரல்கள் உங்களைக் கேட்காமலே மாறி, நெருங்குவதும் விலகுவதுமாகிவிடும். அந்த நெருங்கி விலகும் ஆட்டத்திலேயே தொடங்கினால், எவ்வளவு வேகம் கூட்டினாலும் வைப்பர் ஆட்டமாக மாறாது. உடல் அசைவுகளை ஆராய்ந்த ஸ்காட் கெல்சோ 1980களில் இதை அளந்து எழுதினார். நான் பஸ்ஸில் செய்து பார்த்தேன். பக்கத்து சீட்டுக்காரர் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புப் பாலத்துக்கு இதில் பங்கு உண்டு. வலிப்புக்காக அதை வெட்டிக்கொண்டவர்கள் இரு கைகளாலும் ஒரே நேரத்தில் இரு வேறு வடிவங்களைச் சுலபமாக வரைந்தார்கள். நம்மால் முடியாது. ஆனால் இரு கையும் சேர்ந்து செய்யவேண்டிய புது வேலையைக் கற்பதில் அப்படிப்பட்டவர்கள் தடுமாறினார்கள். உங்களை இழுத்துவிடும் அதே கட்டுதான் உங்களுக்குக் கற்றுத்தரவும் போகிறது.

அதனால் இரு கைகளையும் பிரித்துப் பழகுவதைக் குறையுங்கள். சேர்த்தே வாசியுங்கள், கை தாவும் வேகத்துக்கு ஒரு படி கீழே. முதல் காலத்தில், அதாவது மெதுவான வேகத்தில், அலுப்பாகத்தான் இருக்கும். நாளாக ஆக அந்த எல்லை தானே மேலே நகரும்.

அப்புறம், இடது கையை எடுபிடியாக நினைக்காதீர்கள். தேங்காய் உடைப்பதைக் கவனியுங்கள். அரிவாள் வலது கையில் இருக்கிறது, சரி. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் காயைத் துளி உருட்டிக் கொடுப்பது எது? முதலில் அசைவது இடது கைதான். மிருதங்கத்திலும் தொப்பியின், அதாவது இடது கைப் பக்கத்தின், 'தொம்' தளம் போட்டால்தான் வலது கைப் பக்கமான வலந்தலையின் சொற்கள் அதன்மேல் நிற்கும்.

மகன் விஷயத்தில் எனக்குத் தயக்கமே இல்லை. மிருதங்கத்தைத் திருப்பி வையுங்கள். மிருதங்க வித்வான் பழநி சுப்பிரமணிய பிள்ளை இடது கைக்காரர். மேடையில் அவருக்காக வயலின்காரர் இடம் மாறி உட்கார வேண்டியிருந்தது; சிலர் முகம் சுளித்ததும் உண்டு. அவர் வாசிப்புக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை.

வீட்டில் அந்தச் சிக்கலும் இல்லை. எதிரெதிரே உட்காருங்கள். உங்கள் வலது கைக்கு நேர் எதிரே அவன் இடது கை இருக்கும். கண்ணாடியைப் பார்ப்பதுபோல உங்களைப் பார்த்தே வாசித்துவிடுவான்.