மே மாதம் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போகட்டும்

தேனிப் பக்கம் ஒரு குடும்பம். மகள் ஐந்தாண்டு பி.ஏ., எல்எல்.பி.யில் நான்காம் ஆண்டை முடிக்கப்போகிறாள். மே விடுமுறை கழிந்தால் கடைசி ஆண்டு. லண்டனில் இருக்கும் தாய்மாமா, "எல்எல்.எம். மேற்படிப்பு படிக்க இங்கே அனுப்புங்க, ஊர்க் கோர்ட்டில் கறுப்புக் கோட்டோடு நின்றால் யார் மதிப்பாங்க?" என்கிறார். படிப்பு முடிந்ததும் நேரே நீதிபதி தேர்வு என்கிறார் சித்தப்பா. அப்பா வீட்டுப் பத்திரத்தைத் தேடி எடுத்து வைத்துவிட்டார். அம்மாவுக்குத் தூக்கமில்லை. மகளோ, போன விடுமுறையில் ஜே.எம். (ஜூடிஷியல் மாஜிஸ்திரேட்) கோர்ட்டில் பார்த்த ஒரு குறுக்கு விசாரணையைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள்.

பத்திரம் பேங்க் வாசலுக்குப் போகும் முன் கணக்கைப் பாருங்கள். கல்விக்கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் பொதுவாகச் சொத்து அடமானம் கேட்பார்கள். 30 லட்சம், பத்தரை சதவீத வட்டி, 10 ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 40,500 ரூபாய். மொத்தம் கட்டுவது 48 லட்சத்துக்கு மேல். படிக்கும் காலத்து வட்டி இதில் சேரவில்லை. சரி, அந்த ஓராண்டு எல்எல்.எம். அங்கே சொலிசிட்டர் (அந்நாட்டு வக்கீல்) ஆக்குமா? ஆக்காது. அதற்கு எஸ்.க்யூ.இ. என்ற இரண்டு கட்டத் தேர்வும் இரண்டாண்டுப் பணி அனுபவமும் தனியாக வேண்டும். திரும்பி வந்தால் இங்கே எந்த மாஜிஸ்திரேட்டும் அந்தப் பட்டத்தைக் கேட்டு ஜாமீன் தருவதில்லை.

ஜூனியர் வக்கீல் கையில் என்ன வரும்? சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 உதவித்தொகை தரவேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024 ஜூனில் சொன்னது. எல்லாச் சீனியரும் தந்துவிடுகிறார்கள் என்று நம்ப வேண்டாம்; சேரும் முன் வாய்விட்டுக் கேளுங்கள். முழுதாகவே வந்தாலும் 15,000 வருமானத்தில் 40,500 தவணை கட்ட முடியாது. மாமா தவணை கட்டுவதாக எழுதிக் கொடுத்தால் மேற்கொண்டு பேசலாம்.

சித்தப்பாவுக்கும் ஒரு தகவல். சிவில் நீதிபதி பதவிக்கு மூன்றாண்டு வக்கீல் அனுபவம் கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று தீர்ப்பளித்தது. பார் கவுன்சில் என்ற வக்கீல்கள் அமைப்பில் செய்யும் தற்காலிகப் பதிவுத் தேதியிலிருந்தே அந்த அனுபவம் கணக்காகும். ஆகவே பட்டம் வந்த கையோடு பார் கவுன்சிலில் பதிவு செய்துவிட வேண்டும். சட்டப்படியான பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவுக்கு 750, பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாய்தான். அதற்கு மேல் வசூலிக்கக் கூடாது என்று 2024 ஜூலையிலேயே தீர்ப்பு வந்துவிட்டது. முத்திரைத்தாள் செலவு தனி.

கார்ப்பரேட் கம்பெனி, யு.பி.எஸ்.சி. எல்லாம் ஊரே சொல்லும், விடுகிறேன். யாரும் சொல்லாதது ஒன்று இருக்கிறது: மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் கீழ் இயங்கும் சட்ட உதவிப் பாதுகாப்பு வழக்கறிஞர் அலுவலகம். வக்கீல் வைக்க வசதியில்லாத குற்றம் சாட்டப்பட்டவருக்கு ரிமாண்டிலிருந்து (காவலில் வைக்கும் உத்தரவு) மேல்முறையீடு வரை வாதாடுவதே அதன் வேலை. தலைமை, துணை, உதவி என மூன்று நிலை. தலைமைக்குப் பத்தாண்டு, துணைக்கு ஏழாண்டு அனுபவம் கேட்பார்கள். உதவி வழக்கறிஞர் இடம் மூன்றாண்டுக்குட்பட்ட இளையவர்களுக்கானது. மாதாமாதம் மதிப்பூதியம் உண்டு. முழுநேர வேலை, வெளி கேஸ் எடுக்கக் கூடாது. முதலில் இரண்டாண்டு ஒப்பந்தம், வேலை திருப்தியாக இருந்தால் நீட்டிப்பு. நிரந்தர அரசுப் பணி அல்ல, பென்ஷனும் இல்லை. ஆனால் தனி ஜூனியர் ஒருவர் சீனியரின் கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வாய்தா வாங்கும் வயதில், இங்கே சாட்சியை நேருக்கு நேர் விசாரிக்கும் வாய்ப்பு கிடைக்கும்.

இந்த மே மாதத்தை அதற்கான பயிற்சியாக்கலாம். பலர் மே மாதம் உயர் நீதிமன்றச் சீனியரிடம் இன்டர்ன்ஷிப் கேட்டுப் போய், கோர்ட் விடுமுறை என்று அலுவலகத்தில் டைப் அடித்துவிட்டுத் திரும்புகிறார்கள். சிவில் கோர்ட்டுக்கும் அப்போது விடுமுறைதான். மாஜிஸ்திரேட் கோர்ட் நடக்கும். கைதும் ரிமாண்டும் கோடைக்காக நிற்பதில்லை. ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரப் பயிற்சி வேண்டும், தொடர்ச்சியாக நான்கு வாரத்துக்கு மேல் கூடாது என்பது பார் கவுன்சில் விதி. மே மாதம் அதற்குச் சரியாகப் பொருந்தும்.

முதல் வாரம் ரிமாண்ட் மட்டும் பார்க்கட்டும். கைதான நேரம், ஆஜர்படுத்திய நேரம், இடையே 24 மணி நேரம் தாண்டியதா என்று குறிக்க வேண்டும். அடுத்த வாரம் குற்றப்பத்திரிகை நாள் கணக்கு. குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளில் போலீஸ் தாக்கல் செய்யாவிட்டால் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பி.என்.எஸ்.எஸ். 187(3)-இன்படி ஜாமீன் உரிமை பிறக்கிறது. ரிமாண்ட் செய்த நாளையும் சேர்த்தே எண்ண வேண்டும். அந்த உரிமையைக் கேட்கும் முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் போச்சு. ஒரு நாள் தப்பாக எண்ணினால் ஒரு மனிதர் மாதக்கணக்கில் உள்ளே இருப்பார்.

மூன்றாம் வாரம் முடிந்துபோன கேஸ் கட்டுகள். எஃப்.ஐ.ஆர். பதிவான நேரத்தையும் மாஜிஸ்திரேட் கையில் சேர்ந்த நேரத்தையும் ஒப்பிட வேண்டும். இடைவெளி விளக்கமில்லாமல் நீண்டிருந்தால் குறுக்கு விசாரணைக்கு முதல் கேள்வி அங்கே கிடைக்கும். ஏ.ஆர். காப்பியில் (ஆஸ்பத்திரி விபத்துப் பதிவேட்டின் நகல்) காயம்பட்டவர் டாக்டரிடம் எத்தனை பேர் தாக்கியதாகச் சொன்னார், எஃப்.ஐ.ஆரில் எத்தனை பேர்? மகஜர் (போலீஸ் சம்பவ இடத்திலோ பொருளைக் கைப்பற்றும்போதோ எழுதும் பதிவு) சாட்சி அதே தெருக்காரரா, ஸ்டேஷனுக்கு வழக்கமாக வருகிறவரா? பிரிவு எண்களைப் பழையதும் புதியதுமாகப் படிக்க வேண்டும். 2024 ஜூலை 1-க்கு முந்தைய குற்றங்கள் இன்னும் பழைய தண்டனைச் சட்டமான ஐ.பி.சி.யில்தான் நடக்கின்றன, சீனியர்கள் வாயிலும் பழைய எண்தான். மோசடிக்கான 420 இப்போது புதிய சட்டத்தில் 318(4) என்றால் சிரிப்பவர்களும் உண்டு.

கட்டைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைப்பதும், போகாமலே சான்றிதழ் வாங்குவதும் அடிக்கடி நடக்கிற தவறுகள். இரண்டையும் நீங்களே தடுத்துவிடுங்கள்.

அவளுக்கு இதில் நாட்டமில்லை என்றால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். குறுக்கு விசாரணையைப் பற்றி வீட்டில் ஓயாமல் பேசுகிற பெண்ணை ஒப்பந்தம் சரிபார்க்கும் மேசையில் உட்காரவைக்காதீர்கள். நான்கு வாரம் முடிந்ததும் அவளுடைய டைரியை அப்பா படிக்கட்டும். பிடிக்கவில்லை என்று அவளே சொன்னால் வேறு வழி பார்க்க முழுதாக ஓராண்டு இருக்கிறது.

இந்தப் பயிற்சிக்கான விண்ணப்பம் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளர் பெயருக்கு, கல்லூரி முதல்வரின் பரிந்துரைக் கடிதத்தோடு போக வேண்டும். அலுவலகம் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். ஏப்ரல் கடைசியில் அவசரப்பட்டு ஓடாமல் மார்ச்சிலேயே நேரில் கொடுத்து, நகலில் பெற்றதற்கான முத்திரை வாங்கி வைத்துக்கொள்ளட்டும்.